கப்பல் வேலைக்குப் பணம் கட்டும் முன்... செல்போனில் இதைப் பாருங்க!

"நல்ல சம்பளம், உடனே ஜாயினிங், மூணு லட்சம் மட்டும் கட்டுங்க." இப்படி ஒரு மெசேஜ் உங்க வாட்ஸ்அப்புக்கோ, உங்க வீட்டுப் பிள்ளையின் செல்போனுக்கோ வந்திருக்கலாம். பணத்தை அனுப்பும் முன், கப்பல் துறையை அரசு எப்படிக் கண்காணிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் பொறுப்பு?

கப்பல் துறை மத்திய அரசின் துறைமுகங்கள், கப்பல் மற்றும் நீர்வழிகள் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அதன் முக்கியமான அலுவலகம், 1949-ல் தொடங்கப்பட்டு மும்பையில் இயங்கும் கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகம். சுருக்கமாக 'டி.ஜி. ஷிப்பிங்'. சாலைக்கு ஆர்.டி.ஓ. எப்படியோ, கடலுக்கு இது அப்படி. இந்தியக் கொடி பறக்கும் கப்பல்களின் பதிவு, பாதுகாப்புச் சோதனை, மாலுமிகளின் பயிற்சி, தேர்வு, சான்றிதழ் எல்லாம் இதன் மேற்பார்வையில்தான் நடக்கின்றன.

சென்னையில் இதன் கீழ் இயங்கும் வணிகக் கடல்துறை அலுவலகம் கப்பல்களைச் சோதிக்கிறது, தேர்வுகளையும் நடத்துகிறது. வெளிநாட்டுக் கப்பல்கள் நம் துறைமுகத்துக்கு வந்தாலும் அவற்றில் ஏறிப் பார்க்கும் அதிகாரம் உண்டு.

ஆதரவும் உண்டு

கண்காணிப்பு மட்டும் இல்லை. அரசுத் துறைகளின் சரக்கு டெண்டர்களில் வெளிநாட்டுக் கப்பல்களோடு போட்டிபோடும் இந்தியக் கப்பல் நிறுவனங்களுக்காக, 2021-ல் ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.1,624 கோடி மானியத் திட்டம் ஒப்புதல் பெற்றது. கப்பல் கட்டும் தளங்களுக்கும் நிதியுதவி இருக்கிறது. கடல்சார் படிப்புக்காக 2008-ல் உருவான இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நம்ம சென்னைதான்.

பணம் கேட்டால் உஷார்!

கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் 'ஆர்.பி.எஸ்.எல்.' என்ற உரிமம் வைத்திருக்க வேண்டும். இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகமான சி.டி.சி. இவற்றின் செலவு உங்களுடையது. விசா செலவு கப்பல் முதலாளியுடையது.

ஆக, "வேலைக்கு இவ்வளவு ஆகும்" என்று கேட்டாலே அது விதிமீறல்தான்.

செல்போனிலேயே சரிபார்க்க...

1. டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் திறங்கள். பெயர், உரிம எண், அது இன்னும் செல்லுபடியாகிறதா என மூன்றையும் பாருங்கள்.
2. உண்மையான நிறுவனத்தின் பெயரையே போலிகளும் போட்டுக்கொள்வாங்க. அதனால் ஏஜெண்ட் கொடுத்த நம்பருக்குப் பேசாமல், இணையதளத்தில் உள்ள நம்பருக்குப் பேசுங்கள்.
3. பயிற்சிக்குச் சேரும் முன், அந்த நிறுவனம் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்த சான்றிதழ், கப்பலில் ஏற உதவாது.
4. ஒவ்வொரு மாலுமிக்கும் 'இன்டோஸ்' என்ற தனி எண் உண்டு. படித்து முடித்த பயிற்சி உங்கள் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.
5. சம்பளம், வேலைக்காலம், கப்பலின் பெயர் எழுதிய ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கவனம்?

உரிமம் உள்ள நிறுவனம் வழியாகப் போனால், உங்க பெயர் அரசின் பதிவில் இருக்கும். முதலாளி கப்பலை நடுவழியில் கைவிட்டாலும் யாரைப் பிடிப்பது என்று தெரியும். நான்கு மாதச் சம்பளம் வரை, ஊர் திரும்பும் செலவு ஆகியவற்றுக்கு உடன்படிக்கை நிதிப் பாதுகாப்பு தருகிறது. போலி ஏஜெண்ட் வழியாகப் போனவர் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்றே குடும்பத்துக்குத் தெரியாமல் போகலாம்.

ஏமாந்துவிட்டால்?

ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். மெசேஜ், ரசீது, வங்கி விவரம் எதையும் அழிக்காதீங்க. காவல் நிலையத்திலும் டி.ஜி. ஷிப்பிங்கிலும் புகார் கொடுங்கள்.

கப்பல் வேலைக்கு முயற்சி செய்யும் தம்பி, தங்கை உங்க தெருவில் இருந்தால், இந்தப் பக்கத்தை இன்றே அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.