சத்தம் போடும் செயின் கவரைக் கழற்றலாமா?

சைக்கிள் கொஞ்சம் பழசானாலே, செயின் கவர், 'கடகட'வென்று ஆட ஆரம்பித்து விடும். மேடு பள்ளத்தில் தினமும் போய் வரும் சைக்கிள் என்றால், கேட்கவே வேண்டாம். 'தெருவே திரும்பிப் பாக்குதும்மா...' என்று, பெண் பிள்ளைகள் கூச்சப்படுவர். கடைக்குக் கொண்டு போனால், 'கவரைக் கழட்டிப் போட்டுடுங்க. சத்தமே இருக்காது' என்று, சுலபமாகச் சொல்லி விடுகின்றனர்.

தோழியரே... தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள்!

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் சைக்கிளிலும் அப்படித்தான் கவரைக் கழற்றினர். ஒரே மாதம் தான்... டியூஷன் விட்டு வரும்போது, துப்பட்டா நுனி செயினில் மாட்டி, பல் சக்கரத்தில் சுற்றிக் கொண்டது. தோளில் பின் குத்தியிருந்ததால், துப்பட்டா கழன்றும் வரவில்லை. இழுத்த இழுப்பில் கீழே விழுந்து, தாடையில் மூன்று தையல். பின்னால் பஸ் எதுவும் வராதது, பெற்றவர்கள் செய்த புண்ணியம்! பாவாடை, துப்பட்டா, புடவை எல்லாம் செயினில் சிக்காமல் இருக்கத் தானே அந்தக் கவரே!

சத்தத்தை நிறுத்த, நாமே வீட்டில் வழி செய்யலாம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். செயின் பக்கம் விரலைக் கொண்டு போகாதீர்கள். குழந்தைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

* சுற்றும்போது சத்தமில்லை. பள்ளத்தில் இறங்கினால் மட்டும் கடகடக்கிறதா? திருகாணி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கவரை முன்னால், பின்னால் என, இரண்டு, மூன்று இடங்களில் முடுக்கியிருப்பர். அவற்றைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூபில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டை வெட்டி, கவரின் கிளாம்ப் உட்காரும் பிரேம் குழாயில் சுற்றி, அதன் மேல் வாஷர் போட்டு முடுக்குங்கள். ரப்பர் இருந்தால், இரும்போடு இரும்பு மோதாது. ஒரு வாரம் கழித்து, மறுபடி ஒருமுறை முடுக்கி விடணும்.

* ஒரு சுற்றுக்கு ஒரு தரம், 'டக், டக்' என்கிறதா? கவர் நசுங்கி, பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் கம்பி அதில் இடிக்கிறது. தகரக் கவர் என்றால், இடிக்கும் இடத்தைக் கையாலேயே மெதுவாக வளைத்து விடலாம். பிளாஸ்டிக் என்றால், வளைக்காதீர்கள். விரிசல் விட்டு விடும். விரிசல் விட்டிருந்தால், புதுசு மாற்றுவது தான் நல்லது.

* விடாமல், 'கரகர' என்கிறதா? செயின் தொய்ந்து கவரில் உரசும். செயினின் நடுப்பகுதியை ஒரு குச்சியால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அரை அங்குலம் ஆடினால் சரி. அதற்கு மேல் ஆடினால், பின் சக்கரத்தை இழுத்து வைத்து முடுக்கணும். சக்கரம் கோணாமல் நிற்க வேண்டும் என்பதால், இதைக் கடையில் விடுவதே நல்லது. கிராங்க் கம்பியே இடம் வலமாக ஆடினாலும் அப்படித்தான்.

எண்ணெய் போட, தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசி பிடித்துப் பிசுபிசுக்கும்.

இத்தனைக்கும் தேவை, ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, கிழிந்த டியூப் துண்டு. கால் மணி நேரம். அவ்வளவு தான்!

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991 - 92ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எடுத்த முயற்சியால், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அம்மாக்கள் அன்று ஹேண்டில்பாரைப் பிடித்தனர்; நாம் ஸ்பேனரைப் பிடிக்கக் கூடாதா என்ன?

நாளைக் காலை, பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் முன், செயின் கவரை ஒருமுறை தொட்டு ஆட்டிப் பாருங்களேன்!

— ஓர் இல்லத்தரசி, புதுக்கோட்டை.