உங்களுக்குத் தெரியுமா? ஒளி எட்டாத இடத்தை ஒலி காட்டும்

கண்புரை முற்றிப் பருத்த வில்லை, கருவிழித்திரையை முன்னே தள்ளி, கண்ணினுள் சுரக்கும் நீர் வடிகின்ற மூலையை அடைத்து, அழுத்தத்தை உக்கிரமாக்கும் அந்த விபரீதத்தை, ஒளி ஊடுருவ இயலாத திரையின் பின்புறம்வரை சென்று, செவிக்கெட்டாத ஒலியே படமாக்கித் தருகிறது!

● மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், வில்லையால் அழுத்தம் மிகுந்த 93 கண்களுள் 49-இல் வில்லையின் பருமனே காரணம். ஐந்து நாளுக்கு மேல் தாமதித்தோருக்குப் பார்வை நஷ்டம் அதிகம். ஆகவே முதியோர், கண் சிவந்து வலித்த அன்றே மருத்துவரை நாடுவது அத்தியாவசியம்.

● கண்ணைப் படமாக்கும் அவ்வொலி வினாடிக்குச் சுமார் 5 கோடி முறை அதிர்வது. மனிதச் செவியின் எல்லையோ 20,000.

● அவ்வொலியால் படமெடுக்கும் கருவியின் பிறப்பிடம் கனடாவின் டொராண்டோ. அது காணும் ஆழம் சுமார் 5 மில்லிமீட்டர்.