அப்போதிக்கரியாரும் மைந்தரும்

1892ஆம் ஆண்டிலே ஜேர்மன் நாவலாசிரியர் தியோடோர் பொந்தானே கடும் நோயுற்றார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்திரண்டு. உடற்பிணியோடு மனச்சோர்வும் சேர்ந்துகொள்ள, எழுதிக்கொண்டிருந்த நாவல் இடையிலே நின்றுபோயிற்று. வைத்தியர் அவருக்குக் கூறிய மருந்து விந்தையானது. நாவலை ஒருபுறம் வைத்துவிட்டு, இளமைக்கால நினைவுகளை எழுதும்படி பணித்தார். முதியவரும் எழுதினார், எழுத எழுதத் தேறினார். அவ்வாறு பிறந்த நூலிலே, தம்மைப் பற்றி அவர் கூறுவனவற்றினும் தந்தையாரைப் பற்றிக் கூறுவனவே நம் நெஞ்சில் நிலைக்கின்றன.

தந்தையார் லூயி ஹென்றி ஓர் அப்போதிக்கரி. இச்சொல்லைக் கேட்டதும் முன்னாளில் நம்மூர் ஆசுபத்திரிகளில் நோயாளரைப் பார்த்த அப்போதிக்கரி ஐயாவை நினைத்தல் வேண்டா. இவர் பிரசிய நாட்டுச் சிற்றூரிலே, வைத்தியர் எழுதும் சீட்டுக்கேற்ப மருந்தை இடித்தும் நிறுத்தும் கலந்தும் கொடுத்த கடைக்காரர். பிரான்சிலிருந்து சமயத்தின் பொருட்டு வெளியேறிய புரட்டஸ்தாந்தர் வழிவந்தவர். நொய்ருப்பின் என்னும் ஊரில் அவர் கடை நடத்திய காலத்திலே, 1819 டிசம்பர் 30ஆம் நாள் தியோடோர் பிறந்தார். தந்தைக்கு அப்பொழுது வயது இருபத்துமூன்றே.

மருந்தை அளந்து கொடுத்த கை, பணத்தை அளந்து செலவிடவில்லை. சீட்டாட்டம் அவரைப் பற்றிக்கொண்டது. கடன் முற்றி 1826இல் கடையை விற்றார். மறு ஆண்டு குடும்பம் பால்டிக் கடலோரத்துச் சுவினமுண்டேக்குக் குடிபெயர்ந்தது. இன்று போலந்தைச் சேர்ந்த அத்துறைமுக ஊரிலும் அவரிடம் செல்வம் தங்கவில்லை.

ஆயினும் அங்கேதான் அவர் மகனுக்கு ஆசிரியரானார். பாடமென்பது பெரும்பாலும் நெப்போலியனும் அவனுடைய தளபதிகளும்! 1800இல் போரில் மாண்ட லத்தூர் தோவேர்ஞ் என்னும் வீரனின் பெயரை, அவன் இறந்த பின்னரும் படையணியிலே நாள்தோறும் அழைத்து வந்தனர். களத்திலே புகழோடு மாண்டான் என்று மற்றொரு வீரன் விடை பகர்வான். இதனைத் தந்தையும் மகனும் வீட்டுக்குள்ளே நடித்தனர். தந்தை படைத்தலைவராய் நின்று பெயரை அழைக்க, சிறுவன் பிரெஞ்சு மொழியில் விடையிறுப்பான்.

தாயாருக்கு இது வீண் விளையாட்டாகவே தோன்றியது. அவரைக் குறை கூறுதல் முறையன்று. கடன்காரருக்கு மறுமொழி தேடவேண்டிய இல்லத்தரசிக்கு நெப்போலியனால் ஆவதென்ன? மகனோ, பள்ளியிலே கற்றவற்றினும் அக்கதைகளே தமக்கு உதவின என்று முதுமையிலும் வாதிடுகின்றார். அவரும் தந்தையின் தொழிலையே பயின்று, 1849இல் அதைத் துறந்து எழுத்தை நாடியவர்.

காலப்போக்கிற் பெற்றோர் பிரிந்தனர். தந்தை பிரைன்வால்டே அருகே, பழைய ஓடர் ஆற்றோரத்துச் சிறு வீடொன்றிலே பணிப்பெண் ஒருத்தியின் துணையோடு வாழ்ந்தார். 1867 கோடையில் மகன் அவரைக் காணச் சென்றார். இக்காட்சிக்காகவே நூலாசிரியர் தம் பிள்ளைப் பருவக் கதையை இடையில் நிறுத்தி, நாற்பது ஆண்டுகளைத் தாண்டிச் செல்கின்றார். முதியவர் மகனுக்கு விருந்து படைத்தார். தாம் வளர்த்த பன்றிகளைப் பற்றி மகிழ்ந்து பேசினார். தம் பிழைகளையும் மறைக்கவில்லை. தந்தையின் உண்மை இயல்பு இறுதிக் காலத்திலேதான் தெளிந்து தோன்றியதென்பது மகனின் துணிபு. சூதாடியென்று ஊர் அறிந்தவரை, இல்லாமையிலும் முகம் வாடாதவராக அவர் நமக்குக் காட்டுகின்றார்.

விடைபெறும் வேளையில் தந்தையும் சிறிது தூரம் உடன் நடந்து வந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். அவர்கள் மீண்டும் சந்திக்கவில்லை.

நினைவு நூல் 1893இன் இறுதியில் வெளிவந்தது. நலம் பெற்ற ஆசிரியர் இடையில் விட்ட நாவலை எடுத்து முடித்தார். அதுவே 'எபி பிறீஸ்ட்'. சுவினமுண்டேயை நினைந்து படைத்த அதன் கடலோரச் சிற்றூரிலே, கதைத்தலைவிக்குப் பரிவு காட்டும் ஓர் அப்போதிக்கரியும் வாழ்கின்றார்.