உங்களுக்குத் தெரியுமா? பாதியில் படிப்பை விடாத பிள்ளைகள்

1980இல் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 10ஆம் வகுப்பில் இருந்தவர்களில் 14.4 சதவீதம் பேர் 12ஆம் வகுப்பை முடிக்கும் முன்பே படிப்பை விட்டுவிட்டார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளில்? வெறும் 3.4 சதவீதம்!

• ஆராய்ந்தவர்கள் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மனும் தாமஸ் ஹாஃபரும். 893 அரசுப் பள்ளிகள், 84 கத்தோலிக்கப் பள்ளிகள், 27 பிற தனியார் பள்ளிகளின் மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். நூல் 1987இல் வெளிவந்தது.

• கட்டணம் கட்டும் வசதியா காரணம்? பிற தனியார் பள்ளிகளிலும் 11.9 சதவீதம் பேர் இடைநின்றார்கள். மாணவரின் மதமா? அரசுப் பள்ளியில் படித்த கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

• கோல்மன் சுட்டியது பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒன்றை. ஒரே ஆலயத்துக்கு வரும் பெற்றோர் ஒருவரையொருவர் அறிவார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கவனிப்பார்கள். ஒரு பிள்ளை தடுமாறினால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். இதைத்தான் அவர் ‘சமூக மூலதனம்’ என்றார்.

• அக்கறையுள்ள பெற்றோர்தானே இப்பள்ளிகளைத் தேடி வருகிறார்கள் என்ற நியாயமான எதிர்க்கேள்வியும் எழுந்தது. விவாதம் நீண்டது. ஆண்டனி பிரைக், வலேரி லீ, பீட்டர் ஹாலண்ட் மூவரும் 1993இல் வெளியிட்ட நூலில் வகுப்பறைக்குள்ளேயே ஒரு காரணத்தைக் கண்டார்கள்: ஏழை, பணக்காரர் பாகுபாடின்றிப் பெரும்பாலும் எல்லாருக்கும் அதே பாடங்கள்.