அம்மா வந்தபிறகுதான் பாடம்

தமிழக அரசுப் பாடநூல்களில் 2018 முதல், பாடப் பக்கங்களின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அந்த க்யூஆர் கோடு மேல் கைப்பேசியைக் காட்டினால் திக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்திலிருந்து அந்தப் பாடத்துக்கான வீடியோ ஓடும். காசு கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆம்பூரில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை மாலை ஐந்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது, வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் பெரும்பாலும் அம்மாவோடு ஷூ கம்பெனிக்குப் போயிருக்கும். கம்பெனி பஸ் நெடுஞ்சாலை ஓரமாக ஊர் ஊராக ஆட்களை இறக்கிவிட்டு வர இருட்டிவிடும். அம்மா வந்து, அடுப்பு மூட்டி, சாப்பாடு ஆன பிறகு போன் கைக்கு வந்தால், சார்ஜ் பத்து சதவீதம்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தொடங்கிப் பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய இந்தத் தோல் தொழில் பகுதியில் ஷூ கம்பெனிகள் பெண்களை நம்பித்தான் ஓடுகின்றன. கம்பெனிக்குப் போக முடியாதவர்களில் பலர், ஷூவின் மேல்பாகமான அப்பரை ஜோடிக் கணக்கில் வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். பிள்ளைகளின் இணையவழிக் கல்வியைத் தீர்மானிப்பது இந்த வேலை நேரம். டவரும் கேபிளும் அடுத்தபடிதான்.

இது இந்த ஊர்களோடு நிற்கிற கதையும் அல்ல. 2021ஆம் ஆண்டின் ஏசர் கல்வி ஆய்வு, நாட்டின் கிராமப்புறங்களில் ஸ்மார்ட்போன் உள்ள வீடுகளின் பங்கு 2018இல் 36.5 சதவீதமாக இருந்து 67.6 ஆக உயர்ந்ததைச் சொன்னது. பலர் அந்த வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதே அறிக்கையில், போன் உள்ள வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1 சதவீதம் பேருக்கு அது படிக்கக் கிடைப்பதில்லை என்ற வரியும் இருக்கிறது.

சரி, போன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கணக்கு குறுக்கே வருகிறது. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ‘கி’ என்று எழுதினால் ககரத்துக்கு 3, இகரக் குறிக்கு 3, ஆக 6 பைட். பக்கத்துக்கு 2,500 குறியீடு என்று வைத்தால், 200 பக்கப் பாடநூலின் முழு எழுத்தும் 1.5 எம்பிக்குள் அடங்கிவிடும். சுமாரான தரத்தில் ஒரு வீடியோ நொடிக்கு 1 மெகாபிட் தின்னும். அப்படியானால் ஒரு புத்தகத்தின் மொத்த எழுத்தும் 12 நொடி வீடியோவுக்குச் சமம்! ஒரு மணி நேர வீடியோ 450 எம்பி. இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு மணி நேரம் பார்த்தால் 1,800 எம்பி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். வெறும் குரலாக, நொடிக்கு 32 கிலோபிட்டில் அனுப்பினால் அதே ஒரு மணி நேரப் பாடம் 14.4 எம்பியில் முடிந்துவிடும். பாடத்தை வீடியோவாகவே தர வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தவளையின் இதயம் துடிப்பதைக் காட்டப் படம் வேண்டும். திருக்குறளுக்குப் பொருள் சொல்ல எதற்கு?

ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் சிக்கல் வேறு. புதூர்நாடு பக்கத்து மலைக்கிராமங்களில் அலைவரிசைக்குக் குறுக்கே மலையே நிற்கிறது. 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 17 செ.மீ.; 700 மெகாஹெர்ட்ஸில் அது 43 செ.மீ. நீளம் கூடக் கூட அலை மேட்டைத் தழுவி வளைந்து இறங்கும், இலைதழைகளையும் ஓரளவு கடக்கும். குட்டையான அலைக்கு அது கைவராது; மலைக்குப் பின்னால் நிழல் விழுந்துவிடும். அதனால்தான் ஒரு வளைவில் நான்கு கோடு காட்டும் போன் அடுத்த வளைவில் செத்துக் கிடக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பாரத்நெட் பணியை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் பார்க்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை இழை போய்விடும். அங்கிருந்து பிள்ளையின் வீட்டுத் திண்ணை வரை உள்ள தூரத்தை யார் கடத்துவது?

கடத்த வேண்டாம் என்பது ஒரு பதில். இணையத்தை ஒரு பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுபோகலாம். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினி, ஒரு மெமரி கார்டு, ஒரு பவர் பேங்க். அதில் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ள தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் வந்து உட்காரும். கொலிப்ரி என்ற இன்னொரு மென்பொருள் பாடம், பயிற்சி, மதிப்பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். பெட்டி தானே வைஃபை விடும். சுற்றி இருக்கும் பழைய போன்களும் டேப்லெட்டுகளும் அதில் இணையும். ரீசார்ஜ் வேண்டாம், டவர் வேண்டாம். மாதம் ஒருமுறை யாராவது கீழே இறங்கி நெட் உள்ள இடத்தில் புதுப்பித்து வந்தால் போதும்.

பெட்டியும் பாதி வழிதான் வரும். 2007இல் காளிக்குப்பம் என்ற கிராமத்தில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா நடத்திய சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். 1999இல் டெல்லி கால்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தாரே, அதே மனிதர். தமிழ் மட்டுமே பேசும் மீனவ, விவசாயக் கிராமப் பிள்ளைகள் ஆசிரியரே இல்லாமல், ஆங்கிலத்தில் இருக்கும் உயிரித் தொழில்நுட்பத்தைக் கணினியில் தாங்களே படிக்க முடியுமா என்று பார்த்தார். தோற்றுப்போகும் என்றுதான் எதிர்பார்த்தார். சுமார் இரண்டரை மாதம் கழித்துத் தேர்வு வைத்தால் பிள்ளைகள் ஏறக்குறைய 30 மதிப்பெண் எடுத்தார்கள். டி.என்.ஏ. மூலக்கூறு தப்பாகப் பிரதி எடுக்கப்பட்டால் மரபு நோய் வரும் என்பதைத் தவிர எங்களுக்கு எதுவும் புரியவில்லை என்று ஒரு சிறுமி சொன்னதாக மித்ரா மேடைகளில் சிரித்தபடி சொல்வார். ஆனால் 30 என்பது ஃபெயில். அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண்ணைக் கூட உட்காரச் சொன்னார். அவருக்கு உயிரியல் தெரியாது. ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர். பாட்டி மாதிரிப் பின்னால் நின்று, “அட, இது எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்கும் காட்டேன்” என்கிற பாணியில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. மதிப்பெண் 50ஐத் தொட்டது.

மித்ராவின் ஆரவாரத்தை நான் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. பாயல் அரோரா என்ற ஆய்வாளர் உத்தராகண்டில் அத்தகைய சுவர்க் கணினிகளைத் தேடிப்போனபோது அவை செயலிழந்து போயிருந்ததை 2010இல் எழுதினார். பெரு நாடு லட்சக்கணக்கில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் இல்லை என்றது 2012 ஆய்வு. மாறாக, டெல்லியில் பள்ளி முடிந்தபின் மையத்துக்கு வரவழைத்து, அவரவர் நிலைக்கேற்பக் கேள்வி தரும் மென்பொருளோடு உதவியாளரையும் வைத்தபோது நாலரை மாதத்தில் கணக்கில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

நம்மூர்க் கணக்கும் இதையே சொல்கிறது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26இல் தொடங்கியாயிற்று. பெருந்தொற்று வரும்போது நாம் வெறுங்கையோடு இல்லை. இருந்தும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த பொருளியல் ஆய்வாளர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஒன்றரை ஆண்டு பள்ளி மூடியதில் கணக்கில் 0.7 திட்டவிலக்கம் அளவுக்கு இழப்பு என்று கண்டார்கள். 100 பேரில் நடுவில் நின்ற பிள்ளை, கடைசியிலிருந்து 24ஆம் இடத்துக்கு நழுவியது போல. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில் தெருவிலேயே ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் பெண், மாலையில் ஒன்றரை மணி நேரம் இருபது பிள்ளைகள் வரை வைத்துக்கொண்டு சொல்லித்தந்தார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அதைக் கூலி என்று சொல்ல வாய் கூசுகிறது. பின்னர் மையங்கள் குறைக்கப்பட்டன.

ஆம்பூர், வாணியம்பாடியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அரசின் மணற்கேணி செயலி தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடம் தருகிறது. உருது வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டுமே பயிற்று மொழி அல்ல. அந்தத் தெருவிலிருந்தே வரும் அக்கா ஒருவரால்தான் அதை உருதுவில் எடுத்துச் சொல்ல முடியும்.

அந்த அக்காவுக்குச் சம்பளம் யார் தருவது? நிறுவனச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் காணும் கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தோல் ஏற்றுமதியாளர்களே, பள்ளிக்கு டேப்லெட் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருவில், பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு பெட்டியும், கம்பெனி பஸ் திரும்பும் வரை பிள்ளைகளோடு உட்கார ஒரு கௌரவமான மாதச் சம்பளமும் கொடுங்கள்.