எதிர்க்கடை மட்டும்தான் போட்டியா?

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கிறது நாச்சியார்கோயில். பெருமாள் கோயிலில் கல் கருடன், கடைத்தெருவில் குத்துவிளக்கு. இந்த இரண்டையும் தேடித்தான் வெளியூர்க்காரர்கள் அங்கே வண்டியை நிறுத்துகிறார்கள். கல்யாணச் சீர், கடை திறப்பு, கோயில் உபயம் என்று எந்த நல்ல காரியத்துக்கும் விளக்கு வேண்டும். ஆகவே பட்டறைக்காரர்களுக்கு வியாபாரக் கவலை இருக்காது என்று தோன்றலாம். ஆனால், அவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஒரு பெரும் போட்டி இருந்துவருகிறது. அந்தப் போட்டி அடுத்த தெருப் பட்டறையிலிருந்து வரவில்லை. உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலிருந்து வருகிறது.

மொராதாபாத், ஷாஜகான் காலத்தில் உருவான ஊர். வடக்கே அதற்குப் ‘பித்தளை நகரம்’ என்றே பெயர். அங்கே வார்ப்பவர் ஒருவர், அரம் போடுபவர் இன்னொருவர், சித்திரம் வெட்டுபவர் வேறொருவர், மெருகேற்றுபவர் மற்றொருவர் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. ஒருவர் நாள் முழுதும் ஒரே வேலையைச் செய்வதால் கை வேகம் கூடுகிறது. வெளிநாட்டுக்கு மொத்தமாக ஏற்றுமதி செய்து பழகிய ஊர் அது. அங்கே செய்த விளக்கு தமிழ்நாட்டுப் பாத்திரக் கடை அலமாரியிலும் வந்து நிற்கிறது, விலை குறைவாக.

நாச்சியார்கோயில் விளக்கின் வழி வேறு. கீழ்ப்பாகம், தண்டு, எண்ணெய் நிற்கும் தங்குழி, உச்சியில் பிரபை என்று நான்கு பாகங்கள். காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்செடுத்து, உருக்கிய பித்தளையை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு வெளியே வரும் வார்ப்பு, மண்ணொட்டிக் கரடுமுரடாக இருக்கும். அதைக் கடைசல் பிடித்து, அராவி, மெருகேற்றினால்தான் வளையங்களும் வரிகளும் தெளிவாகத் தெரியும். கடைசியில் பாகங்களை மரை போட்டு ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். பிரபையில் அன்னம் வந்து உட்கார்ந்ததும் விளக்கு முழுமையாகிறது.

இரண்டு விளக்குகளுக்கும் உலோகம் ஒன்றுதான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. செம்பின் விலை லண்டன் உலோகச் சந்தையை ஒட்டியே ஏறி இறங்குகிறது. மொராதாபாத்துக்கு ஒரு விலை, நாச்சியார்கோயிலுக்கு ஒரு விலை என்று பெரிய வித்தியாசம் இருக்க வழியில்லை. அப்படியானால் ஒரே உயரமுள்ள இரண்டு விளக்குகளில் ஒன்று மட்டும் மலிவாகக் கிடைப்பது எப்படி? எடை குறைந்திருக்க வேண்டும், அல்லது கூலி குறைந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பட்டறைக்காரருக்கு ஒன்று விளங்கிவிடும். விலையில் இறங்கிப் போட்டி போட வேண்டுமென்றால் தண்டை மெலிதாக வார்க்க வேண்டும். மெலிதாக வார்த்தால் அது நாச்சியார்கோயில் விளக்காக இருக்காது. அவர் செய்யக்கூடியது, வாங்க வந்தவர் முன்னால் இரண்டையும் தராசில் வைத்து, மரையைக் கழற்றி, உள்ளே எவ்வளவு பித்தளை இருக்கிறது என்று காட்டுவது.

சிறு வியாபாரிகளில் பலர் போட்டி என்றதும் எதிர்க்கடையைத்தான் பார்க்கிறார்கள். அங்கே பலகையில் ஐந்து ரூபாய் குறைந்தால் இங்கே ஆறு ரூபாய் குறைக்கிறார்கள். இருவர் லாபமும் கரைகிறது. வாங்குபவர் தன் கடைக்கு வராவிட்டால் அந்தத் தேவையை எங்கே, எதைக் கொண்டு தீர்த்துக்கொள்வார் என்ற கேள்வியைக் கேட்டுப் பார்த்தால்தான் உண்மையான போட்டியாளர் கண்ணில் படுவார்.

டெல்டாவின் அரிசிக் கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே பழக்கப்பட்ட விஷயம். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2008 செப்டம்பரில் கிலோ அரிசி ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூன் 1 முதல் அதுவும் இல்லை, இலவசம். இலவசத்தோடு விலையில் போட்டி போட யாராலும் முடியாது. ஆனாலும் தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் அரிசிக் கடைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. காரணம், வீட்டுக்காரர்கள் கணக்கைப் பிரித்துக்கொண்டார்கள். இட்லி மாவுக்கு ரேஷன் அரிசி, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையில் வாங்கிய பொன்னி, விருந்துக்குச் சீரகச் சம்பா. இந்தப் பிரிவினையைப் புரிந்துகொண்ட கடைக்காரர், நன்கு பழசான சாப்பாட்டு அரிசியை இருப்பு வைப்பார். எந்த அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர், உலையில் எவ்வளவு நேரம் என்று சொல்லிக் கொடுப்பார். “போன தடவை சாதம் குழைஞ்சு போச்சுண்ணே” என்று சொல்கிறவரிடம் அடுத்த ரகத்தை எடுத்துக் கொடுப்பார். ரேஷன் கடையில் இந்தப் பேச்சுக்கு நேரமில்லை.

நெல்லிலும் இதே பாடம் உண்டு. 1922-லேயே நெல் ஆராய்ச்சி நிலையம் வந்த ஆடுதுறை இந்த மண்ணில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஆந்திராவின் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204 என்ற நெல் ரகம் டெல்டா வயல்களில் நிறைய இடம் பிடித்தது. சன்ன அரிசிக்கு ஆட்கள் இருந்தார்கள். விவசாயிகள் அந்த ரகத்தைப் போட்டார்கள். வெளியூர்ச் சரக்கு ஏன் விற்கிறது என்று பார்த்து, அதைத் தங்கள் வயலிலேயே விளைவித்துக்கொண்டார்கள்.

போட்டியின் களத்தை அரசாணையும் மாற்றும். 2022 ஜூலை 18 அன்று, 25 கிலோ வரையிலான பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே 26 கிலோ சிப்பம் கடைகளுக்கு வந்துவிட்டது. அதைக் கவனிக்காத வியாபாரியிடம் 1,500 ரூபாய்ச் சிப்பம் 75 ரூபாய் கூடுதலாக நின்றது. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக அளந்து விற்றால் வரி கிடையாது என்பதும் அதே விதியில் இருந்தது. செய்தித்தாளில் அந்த ஒரு பத்தியைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அந்த மாத வியாபாரம் ஒன்றாக இருந்திருக்காது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அரசாணை கைகொடுத்தது. சீனப் பிளாஸ்டிக் பொம்மைகள் சந்தையை நிறைத்திருந்த நிலையில், 2020 பிப்ரவரியில் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்ந்தது. 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். களிமண்ணும் காகிதக்கூழும் கொண்டு வீட்டில் பொம்மை செய்கிறவர் அந்தச் சோதனைக்கெல்லாம் எங்கே போவார்? அதனால் கைவினைத் துறையில் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களைச் செய்யும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்ற அந்தச் சொல்லைத் தஞ்சை மாவட்டத்துத் தொழில்காரர்கள் கவனிக்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, வீணை, சுவாமிமலை வெண்கலச் சிலை, நாச்சியார்கோயில் விளக்கு என்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள் இங்கே வரிசையாக இருக்கின்றன. திருபுவனம் பட்டுக்கு 2019-ல் கிடைத்தது. அந்தச் சேலைக்கு ஒரு கூடுதல் பலமும் உண்டு. அதன் விசிறி மடிப்பைப் பிரிக்கும்போதே இது திருபுவனம் என்று வாங்குபவர் கண்டுகொள்வார். எல்லாப் பொருளுக்கும் அப்படி ஓர் அடையாளம் வாய்ப்பதில்லை. அங்கேதான் சட்டம் தேவைப்படுகிறது.

1999-ல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தில், ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டதாலேயே அங்கே தொழில் செய்யும் ஒவ்வொருவருக்கும் உரிமை வந்துவிடாது. தனித்தனியாக அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்போதுதான் அந்தப் பெயரையும் குறியீட்டையும் முறைப்படி பயன்படுத்தலாம். போலி வந்தால் வழக்கும் போடலாம். 2020-ல் இதற்கான கட்டணம் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. நாட்டுக்கே ஒன்றாக இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

பட்டறை வைத்திருப்பவர்கள், பொம்மை செய்பவர்கள், தறி ஓட்டுபவர்கள் தங்கள் சங்கத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ‘பயனாளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா?’ இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பத்தை எழுதிப் போட்டுவிடுங்கள்.