சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல

குரங்குதான் மனிதனானது என்றால் டாரோங்கா மிருகக்காட்சிசாலையில் சிம்பன்சி ஏன் இன்னும் சிம்பன்சியாகவே இருக்கிறது? வெஸ்ட்மீட்டில் எங்கள் சபை நண்பர்கள் என்னிடம் கேட்பது இது.

கேள்வியிலேயே உறவுமுறை பிசகிவிட்டது. என் சித்தி மகள் பாளையங்கோட்டையில் இருக்கிறாள். நான் அவளுக்குப் பிறந்தவள் இல்லை. எங்கள் இருவருக்கும் பாட்டி ஒருத்தி. நான் சிட்னிக்கு வந்ததால் அவள் அங்கே இல்லாமல் போவாளா? நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பிறகு இரண்டு கிளைகளுமே மாறின. வாலுள்ளதையும் இல்லாததையும் தமிழில் 'குரங்கு' என்றே சொல்லிவிடுகிறோம், அது வேறு குழப்பம்.

செவிலியான எனக்குப் பிடித்த சான்று குரோமோசோம். சிம்பன்சிக்கு 48, நமக்கு 46. குறைந்த ஜோடி எங்கே? மூதாதையின் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி நம்முடைய 2ஆம் குரோமோசோம் ஆகியிருக்கின்றன. ஒட்டிய தடம், தையல் தழும்பு மாதிரி, உள்ளே இன்னும் இருக்கிறது. ஆதியாகமம் படைத்தவரைப் பற்றிப் பேசுகிறது, குரோமோசோம் கணக்கைப் பற்றி அல்ல. என் ஜெபத்துக்கு இதனால் இடறல் இல்லை.

நம் பிள்ளைகள் இங்கே பள்ளியில் இதைப் படிக்கிறார்கள். இந்தியாவில் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். 2023-இல் 1800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பதினொன்றில் உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு அந்தப் பாடம் கிடைக்காது. 'குரங்கிலிருந்து வந்தோம்' என்ற தெருப்பேச்சு மட்டும் கிடைக்கும்.